துப்பறிவோனும் நம்பிக்கையும்: காயற்கரை தரும் சான்றுகள்

தமிழில் துப்பறியும் கதை தோன்றிய வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் அதனை மேல்நாட்டு வரவென்றே கொள்வர். எட்கர் ஆலன் போ 1841-இல் படைத்த டூப்பின், கோனன் டாயில் 1887-இல் அறிமுகம் செய்த ஷெர்லக் ஹோம்ஸ் ஆகிய இருவர் நிழலே தமிழ்க் கதைகளில் விழுந்ததென்பது அவர்தம் கருத்து. கதையின் புற உருவத்தை நோக்குமிடத்து இக்கருத்தை மறுப்பதற்கில்லை. கொலை, தடயம், ஐயத்திற்குரியோர் பலர், இறுதியில் உண்மை வெளிப்பாடு என்னும் அமைப்பு அங்கிருந்து வந்ததே. ஆயின் துப்பறிவோன் என்னும் பாத்திரத்தின் அகத்தே ஒரு முரண் உண்டு. அவன் பொய் பேசுகிறான், மாறுவேடம் புனைகிறான், நண்பனைப் போல் நடித்து ஒருவன் உள்ளத்தைக் கவர்ந்து, பின் அவனையே காட்டிக்கொடுக்கிறான். குற்றவாளி செய்வதும் ஏறக்குறைய இதுவே. இருவரும் வஞ்சத்தையே கருவியாகக் கொண்டிருக்க, படிப்போர் ஒருவனை நம்பி மற்றவனை வெறுப்பது எதனால்?

இவ்வினாவிற்கு விடை பேக்கர் தெருவில் இல்லை என்பதே இக்கட்டுரையின் துணிபு. வஞ்சம் செய்ய எவனுக்கு உரிமை அளிப்பது என்பதை ஒவ்வொரு சமுதாயமும் தன் பட்டறிவினின்றே முடிவு செய்கிறது. தமிழர் அதனை முடிவு செய்த முறைக்குச் சான்றுகள் பலவிடத்தும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றுள் சிறந்தன சில, காயல்பட்டினம் முதல் திருச்செந்தூர் வரையுள்ள கடற்கரையிலும், அதற்கு மேற்கே தாமிரபரணி பாயும் நிலப்பகுதியிலும் கிடைக்கின்றன.

காயல்பட்டினம் 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்து, அதன்பின் தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். ஆறு கடலொடு கலக்கும் இடத்திற்குத் தெற்கேயும் திருச்செந்தூருக்கு வடக்கேயும் அமைந்தது. இப்பெயரைக் கேட்டவுடன் மார்க்கோ போலோ கூறிய ‘காயல்’ இதுவே என்று எண்ணுதல் இயல்பு. அவ்வெண்ணம் பொருந்தாது என்று காட்டியவர் கால்டுவெல். ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டிய பழையகாயலின் நிலத்தைத் தாமே நடந்து பார்த்து, அங்குச் சிதறிக் கிடந்த பானையோடுகளையும் சீனக் கலங்களின் உடைசல்களையும் ஆராய்ந்து, பழைய துறைமுகம் அதுவே என்று முடிவு கட்டினார். 1881-இல் வெளிவந்த திருநெல்வேலிச் சரித்திரத்திலும் அதனை எழுதினார். பெயரை நம்பாது ஓட்டாஞ்சில்லை நம்பிய இச்செயலைத் துப்பறிதல் என்றால் மிகையாகாது. மணலும் வண்டலும் சேர்ந்து துறை தூர்ந்தபின் வாணிகம் இடம் பெயர்ந்தது. பழைய காயலின் பெயரும் பெருமையும் காயல்பட்டினத்து மரக்காயர் வாணிகத்தில் தொடர்ந்தன.

அவ்வாணிகம் எதன்மேல் நின்றது என்பதை மார்க்கோ போலோவின் செய்தி ஒன்று நன்கு விளக்குகிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த அவர், மாபார் நாட்டுக் கடன் வழக்கம் ஒன்றைக் கூறுகிறார். கடன்பட்டவன் தவணை சொல்லி ஏய்ப்பானாயின், கடன் கொடுத்தவன் அவனைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் கீறுவானாம். கடனைத் தீர்க்காமலோ பிணை கொடாமலோ அவ்வட்டத்தைத் தாண்டுதல் கூடாதாம். அயல்நாட்டு வணிகன் ஒருவனுக்குக் கடன்பட்டிருந்த மன்னனே குதிரைமேல் செல்லுங்கால், அவ்வணிகன் குதிரையையும் மன்னனையும் சேர்த்து வட்டம் கீற, மன்னன் கடன் தீரும் வரை அசையாது நின்றான் என்றும், அதனைத் தாமே கண்டதாகவும் அவர் எழுதுகிறார். ஓர்மசு, ஏடன் முதலிய துறைகளிலிருந்து குதிரைகள் வந்திறங்கிய கரை இது. எவனென்றும் எவ்வூரானென்றும் அறியாதவனிடம் பெரும்பொருளை ஒப்படைக்கும் தொழிலில், நம்பிக்கை ஊரறிய இருத்தல் வேண்டும். நிலத்திற் கீறிய ஒரு கோடு அதற்குப் போதுமானதாயிற்று.

வணிகர் நம்பிக்கை வெளிப்படையானது. அரசியல் நம்பிக்கையோ மறைவானது. வள்ளுவர் தெரிந்து தெளிதலுக்கு ஓர் அதிகாரமும் ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரமும் வகுத்தார். ஆராயாது ஒருவனைத் தெளிதலும், தெளிந்தவனிடத்து ஐயுறுதலும் தீராத துன்பம் தரும் என்பது முன்னதன் முடிபு. ஒற்றன் துறவியர் கோலம் கொண்டு புகுதல் வேண்டும். ஓர் ஒற்றன் கொணர்ந்ததை மற்றோர் ஒற்றனால் ஒத்துப்பார்த்தல் வேண்டும். ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல் ஒத்தவழியே தெளிதல் வேண்டும் என்பன பின்னதன் கருத்துகள். வஞ்சத்தை மேற்கொள்ளுமாறு ஏவும் நூலே அவ்வஞ்சகனையும் முழுதும் நம்பற்க என்று எச்சரிப்பது நோக்கத்தக்கது. குற்றமற்ற நன்மை பயக்குமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்னும் கருத்தையும் இவற்றோடு சேர்த்து நோக்கினால், துப்பறிவோனுக்குரிய உரிமைச் சீட்டு முழுவதும் குறளிலேயே எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். ஒற்றனுக்கு உகந்த கோலம் துறவி கோலம் என்பதை மட்டும் ஈண்டு நினைவிற் கொள்க. பின்னர் அது வேண்டப்படும்.

சிலப்பதிகாரத்தில் இவ்விலக்கணம் மீறப்பட்டதன் விளைவைக் காண்கிறோம். பாண்டியன் ஒருவன் சொல்லை மட்டும் தெளிந்தான். அவ்வொருவனும் சிலம்பைக் கவர்ந்த பொற்கொல்லனே. கோவலனைக் கண்ட காவலர் இவன் கள்வன் அல்லன் என்று தயங்கியபோது, மந்திரம் தெய்வம் மருந்து முதலாகக் கள்வர்க்குத் துணையாவன எட்டினை விரித்து, தூதன் வேடத்தில் அரண்மனை புகுந்த கள்வன் ஒருவன் கதையையும் சொல்லி அவர்தம் ஐயத்தைப் பொற்கொல்லன் போக்குகிறான். களவு நூலறிவு முழுவதையும் உண்மைக் கள்வனே எடுத்துரைக்கிறான். கேட்போர் அவனைத் துப்பறியும் புலவனாகவே மதித்துவிடுகின்றனர். துப்பறிவோனும் கள்வனும் ஒரே அறிவுடையோர் என்னும் உண்மையைத் தமிழிலக்கியம் முதன்முதல் வெளிப்படுத்திய இடம் இதுவெனலாம். அவ்வஞ்சத்தை உடைத்தது வாதமன்று, பொருள். அரசி சிலம்பின் பரல் முத்து. கண்ணகி சிலம்பின் பரல் மாணிக்கம். அம்முத்து கொற்கைத் துறையின் செல்வம் என்பதும், அக்கொற்கை பழையகாயலுக்கு அணித்தே உள்ளது என்பதும் இக்கட்டுரைக்கு வாய்த்த நல்வாய்ப்பு. கண்ணகி வேடம் புனையவில்லை, ஒற்றாடவும் இல்லை. ஒத்துப்பார்க்கும் பொருளை அவைக்களத்தில் உடைத்துக் காட்டினாள். பிற்காலத் துப்பறிவோர் பலரினும் அவளுக்கே இம்முறை நன்கு தெரிந்திருந்தது.

இனி இக்கரைக்கே உரிய இலக்கியச் சான்றுக்கு வருவோம். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் வழங்கிய நொண்டி நாடகம் என்னும் சிற்றிலக்கிய வகையை வரலாற்றாசிரியர் பலர் ஓரிரு வரிகளில் கூறிக் கடந்துவிடுகின்றனர். பாமரர் கூத்து என்னும் எண்ணமே அதற்குக் காரணம் போலும். கால் இழந்த ஒருவன் அவைமுன் தனித்து வந்து, சிந்து யாப்பில் தன் வரலாற்றைத் தானே பாடி ஆடுவது இந்நாடகம். அவன் பிறவிக் கள்வன். ஊரூராய்ச் சென்று திருடிப் பொருள் சேர்க்கிறான். கணிகை ஒருத்தியின் வலையில் வீழ்கிறான். ஊரையெல்லாம் ஏய்த்தவனை அவளும் அவள் தாயும் ஏய்த்துப் பொருள் தீர்ந்தபின் துரத்துகின்றனர். இழந்ததை மீட்கக் குதிரையொன்றைக் கவர முயன்று பிடிபட்டுக் கையும் காலும் வெட்டுண்கிறான். இறுதியில் இறையருளால் உறுப்புகளை மீளப் பெறுகிறான். பெரும்பாலான நொண்டி நாடகங்களுக்கு இதுவே எலும்புக்கூடு.

கந்தசாமிப் புலவர் இயற்றிய திருச்செந்தூர் நொண்டி நாடகத்தில் அருள்புரிபவன் செந்தூர் முருகன். சீதக்காதி நொண்டி நாடகத்தில், கிழவன் சேதுபதி காலத்தில் கீழக்கரையில் வாழ்ந்த வள்ளலாகிய சீதக்காதி, அக்கள்வனுக்கு ஆதரவளித்து மக்கா செல்ல வழிசெய்கிறார். அங்கே அவன் கால் பெறுகிறான். கிறித்தவரும் ஞான நொண்டி என்னும் பெயரில் இவ்வகையைக் கையாண்டனர். ஒரே கள்வனை மூன்று சமயத்தாரும் தத்தம் வாயிலுக்கு அழைத்துக்கொண்டனர் என்பது வியப்பிற்குரியது. சீதக்காதியின் காலம் காயல்பட்டினத்தில் பிறந்த சதக்கத்துல்லா அப்பாவின் காலமும் ஆகும். 1632 முதல் 1703 வரை வாழ்ந்த அப்பெரியாரையும், உமறுப்புலவரையும், மரக்காயர் வள்ளல்களையும் ஒருங்கே நினைக்கும்போதுதான், காயலும் கீழக்கரையும் கடல் வாணிகத்தாலும் கல்வியாலும் ஒரே கரையாக இயங்கின என்பது விளங்கும்.

இந்நாடகத்தில் நம் வினாவிற்கு உதவுவன இரண்டு. முதலாவது, கதை சொல்பவன் ஏமாற்றுக்காரன் என்பது அவையோர்க்குத் தொடக்கத்திலேயே தெரியும். அவன் வெட்டுண்ட காலே அதற்குச் சாட்சி. ஆயினும் அவன் சொல்வதை அவர்கள் நம்புகின்றனர், நம்பிச் சிரிக்கின்றனர். பூட்டுத் திறப்பதும் கன்னமிடுவதும் எவ்வாறென்று கள்வனே சொன்னால்தான் நம்பத்தகும் என்பது அவர்தம் கருத்தாதல் வேண்டும். ஏமாற்றத் தெரிந்தவன் வாயிலிருந்தே ஏமாற்றின் உண்மை வெளிப்படும் என்னும் இவ்வுடன்பாடே பிற்காலத்துத் துப்பறியும் கதையின் அடித்தளம். இரண்டாவது, சீதக்காதி ஏமாறவில்லை. எதிரில் நிற்பவன் கள்வன் என்று அறிந்தே பொருள் தருகிறார். இந்நம்பிக்கை அறியாமையின் விளைவன்று; வட்டம் கீறும் வணிகன் துணிந்து வைக்கும் முதலீடு. கணிகையிடம் கள்வன் வைத்த நம்பிக்கையையும், கள்வனிடம் வள்ளல் வைத்த நம்பிக்கையையும் நாடகம் அருகருகே நிறுத்துகிறது. முன்னது கண்மூடியது, பின்னது கண்திறந்தது.

கள்வன் அறிவே காவலுக்கும் வேண்டும் என்னும் கருத்து மேடையில் மட்டும் வழங்கியதன்று. நாட்டின் நடைமுறையிலும் அது வேரூன்றியிருந்தது. பாண்டிநாட்டில் காவல் என்பது ஊரார் கூலி கொடுத்து நிறுத்திய ஓர் ஏற்பாடு. காவற்காரன் ஆண்டுதோறும் நெல்லோ பணமோ பெற்றான். களவு நிகழின் பொருளை மீட்டுத் தருதல் அவன் கடன். மீட்க இயலாதாயின் ஈடு கொடுத்தல் வேண்டும். மாடு களவு போயின் அதன் இருப்பிடம் சொல்லி மீட்டுத் தருவோர்க்குக் கொடுத்த பணத்திற்குத் ‘துப்புக்கூலி’ என்று பெயர். மதுரை மாவட்ட விவரச்சுவடியும் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட குலங்கள் பற்றிய தொகுதியும் இச்சொல்லைப் பதிவு செய்துள்ளன. திருநெல்வேலிக் காவல் முறையைப் பேட் 1917-இல் எழுதிய மாவட்ட விவரச்சுவடியிற் காணலாம்.

துப்பறிதல் என்று நாம் இன்று வழங்கும் தொடரிலுள்ள துப்பு என்னும் சொல் இத்துப்புக்கூலியில் உள்ளதே. இது வெறும் சொல்லொற்றுமையன்று. துப்புக் கொடுப்பவன் களவு செய்தோரை அறிந்தவனாக இருத்தல் வேண்டும். சிலபோது அவரும் அவன் உறவினர். மாட்டை இழந்தவன் இதனை நன்கறிந்தும் கூலி கொடுத்தான், கொடுத்தால் மாடு வந்துசேரும் என்று நம்பினான், பெரும்பாலும் வந்தது. ஆங்கில அதிகாரிகள் இதனைக் கொள்ளையின் மறுபெயர் என்று எழுதினர். அவர்தம் எழுத்தை எச்சரிக்கையுடன் படித்தல் வேண்டும். 1871-இல் வட இந்தியாவில் தொடங்கி, 1911-இன் திருத்தத்திற்குப்பின் சென்னை மாகாணத்திலும் செயற்பட்ட குற்றப்பரம்பரைச் சட்டத்தால், பிறப்பினாலேயே மக்களை நம்பத்தகாதவர் என்று முத்திரையிட்ட ஆட்சி அது. இம்மாகாணத்தில் அச்சட்டம் 1947-இல் நீக்கப்பட்டது. காவல் முறையில் குறைகள் இருந்தன என்பது உண்மை. ஆனால் அதில் நம்பிக்கைக்கு ஒரு விலையும் ஒரு பொறுப்பும் இருந்தன. பிரெஞ்சு நாட்டில் விடாக் என்னும் பழங்குற்றவாளி 1812-ஐ ஒட்டிப் பாரிசு நகரின் துப்பறியும் படைக்குத் தலைவனாகி, 1828 முதல் தன் நினைவுகளை வெளியிட்டு ஐரோப்பிய நாவலாசிரியரைக் கவர்ந்ததைப் பெரிதாகப் பேசுகிறோம். அத்தகையோர் நம் ஊர்ப்புறங்களில் நினைவு நூல் எழுதாமலே வாழ்ந்தனர்.

காவல் முறையின் இடத்தில் வந்தது போலீசு. அது வந்த வழி நம்பிக்கை தருவதாக இல்லை. குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்யவும் வரி தண்டவும் சித்திரவதை வழங்கியதைச் சென்னை மாகாணத்தில் அமைக்கப்பட்ட விசாரணைக் குழு 1855-இல் தன் அறிக்கையில் உறுதிசெய்தது. 1859-ஆம் ஆண்டின் 24ஆம் சட்டத்தால் புதிய போலீசு அமைந்தது. ஆயினும் 1902-03-இல் நாடு முழுதும் ஆராய்ந்த பிரேசர் குழு, ஊழலும் கொடுமையும் நீங்கவில்லை என்றே கண்டது. உண்மையைத் தேடுதற்குப் பதில் அதனை அடித்து வரவழைக்கும் இடத்தில் துப்பறிவோனுக்கு வேலையில்லை. துப்பறியும் கதை தமிழில் தோன்றிய காலம், இவ்விரு அறிக்கைகளுக்கும் இடைப்பட்டது.

அதற்கு முன்பே கடற்கரை முஸ்லிம்களின் உரைநடைக் கதைகள் வழியமைத்திருந்தன. காயல்பட்டினத்தில் 1816-இல் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்த இமாமுல் அரூசு மாப்பிள்ளை லெப்பை ஆலிம், அரபுத் தமிழில் தாமிரப் பட்டணம் என்னும் கதையை 1858-இல் ஆக்கினார். தமிழ் எழுத்தில் தோன்றிய முதல் நாவலுக்கு இஃது இருபதாண்டு முந்தியது. எழுத்து வேறென்னும் ஒரே காரணத்தால் நம் நாவல் வரலாறுகள் இதனை உரிய இடத்தில் வைப்பதில்லை. இலங்கைக் கண்டியில் வழக்கறிஞராயிருந்த சித்திலெப்பை 1885-இல் வெளியிட்ட அசன்பே சரித்திரத்தில், குழவிப் பருவத்தில் கெய்ரோவிலிருந்து கடத்தப்பட்டு இந்தியாவில் வளரும் ஒருவன் தன் பிறப்பின் உண்மையைக் கண்டடைகிறான். கடத்தல், மறைந்த பிறப்பு, படிப்படியாக வெளிப்படும் மெய் ஆகிய துப்பறியும் கதையின் உறுப்புகள் பல இதில் உள. துப்பறிவோன் மட்டும் இல்லை. ஆயிரத்தொரு இரவுகளின் மூன்று ஆப்பிள் கதையிலும் இக்குறையே காணப்படும். மூன்று நாளுள் கொலையாளியைக் கண்டுபிடி என்னும் கலீபாவின் ஆணையைப் பெற்ற சாபர், வீட்டிலிருந்து விதியை எண்ணி வருந்துகிறார். உண்மை தானே வந்து அவரை அடைகிறது.

1894-இல் ச. ம. நடேச சாஸ்திரியார் ‘தானவன் என்ற போலீஸ் நிபுணன் கண்டுபிடித்த அற்புதக் குற்றங்கள்’ என்னும் நூலை வெளியிட்டார். தமிழின் முதல் துப்பறியும் நூலாக இதனைக் கொள்வர். தலைப்பிலேயே போலீசு இருப்பதைக் காண்க. ஆசிரியர் தொல்பொருள் ஆய்வுத் துறையில் பணிபுரிந்தவர். நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்தவர். 1885-இல் முத்திரா ராட்சசத்தைத் தமிழ் உரைநடைக் கதையாக்கியவர். இறுதியிற் சொன்ன செய்தி பெரிதும் கருதத்தக்கது. பகை அமைச்சனாகிய ராட்சசனைத் தன்பக்கம் ஈர்க்கச் சாணக்கியன் முத்திரை மோதிரத்தையும் பொய்யோலையையும் கையாள்கிறான். ராட்சசன் முழுதும் நம்பும் நண்பனாகிய சீவசித்தி, உண்மையில் சாணக்கியன் ஒற்றன்; அவன் பூண்ட கோலம் க்ஷபணகன், அதாவது திகம்பரத் துறவி. வள்ளுவர் வகுத்த வேடமே இது. ராட்சசனின் நேர்மையைப் பெறுதற்காகவே அத்தனை வஞ்சமும் செய்யப்படுகிறது. தமிழில் முதல் துப்பறிவோனைப் படைத்தவர் கையில் ஒன்பது ஆண்டுகட்கு முன்பே இவ்வரைபடம் இருந்தது என்றால், தானவனை மேல்நாட்டு இறக்குமதி என்று மட்டும் கூறி அமைதல் இயலாது.

தானவனுக்கு அடுத்துப் பெரும்புகழ் பெற்றவன் துப்பறியும் கோவிந்தன். அவனைப் படைத்த ஜே. ஆர். ரங்கராஜு பாளையங்கோட்டையில் 1875-இல் பிறந்தவர். அவருடைய ராஜாம்பாள் 1908-இல் வெளிவந்தது. எரிந்துபோன பிணம் ஒன்றை ராஜாம்பாளின் பிணமென்று எல்லாரும் நம்புகின்றனர். அவளை மணக்கவிருந்த கோபாலன் கொலைக்குற்றம் சுமக்கிறான். அவளை விரும்பிய முதியவராகிய நீலமேக சாஸ்திரியின் சூழ்ச்சி பின்னணியில் இயங்குகிறது. ஊரார் கண்டதை நம்பியபோது கோவிந்தன் ஒருவன் நம்ப மறுக்கிறான். கால்டுவெல் பெயரை நம்ப மறுத்தது போன்ற மறுப்பே இது.

அதே 1908-ஆம் ஆண்டு மார்ச்சு 12-இல் வ. உ. சிதம்பரனார் சிறைப்பட்டார். மறுநாள் திருநெல்வேலியில் மக்கள் கொதித்தெழுந்து, நகராட்சி அலுவலகம், அஞ்சலகம், போலீசு நிலையம் ஆகியவற்றுக்குத் தீயிட்டனர். துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். 1911 சூன் 17-இல் மணியாச்சி நிலையத்தில் மாவட்ட ஆட்சியர் ஆஷ், வாஞ்சிநாதனால் சுடப்பட்டார். அதனைத் தொடர்ந்த வழக்கில் அரசு, கூட்டாளிகளாயிருந்து சாட்சியாக மாறியோர் கூற்றைப் பெரிதும் சார்ந்து நின்றது. முதற் குற்றவாளியாகிய நீலகண்ட பிரமச்சாரி ஏழாண்டுத் தண்டனை பெற்றார். அக்காலத்துப் புதுச்சேரியில் பாரதியாரையும் வ. வே. சு. ஐயரையும் சூழ்ந்து ஒற்றர் திரிந்தனர். பொய்யான சதியோலைகளை ஒரு கலத்தில் இட்டு ஐயர் வீட்டுக் கிணற்றில் எறிந்ததும், அது வெளிப்பட்டவுடன் பாரதியார் அறிவுரைப்படி பிரெஞ்சு அதிகாரிகளிடமே அதனை ஒப்படைத்ததும் பலரும் அறிந்த வரலாறு. முத்திரா ராட்சசத்தின் பொய்யோலை மேடையினின்று இறங்கிக் கிணற்றுக்கு வந்துவிட்டது.

திருநெல்வேலிச் சீமையில் இதன்பின் ‘சி.ஐ.டி.’ என்னும் சொல் பெற்ற பொருளை எண்ணிப்பார்த்தல் வேண்டும். அது நண்பனைப் போல் வந்து காட்டிக்கொடுப்பவன் பெயராயிற்று. வேடத்தில் வருபவன் அரசின் ஆள் என்று ஐயுற்ற மக்களுக்கு வேடத்தில் வருபவனையே தலைவனாக்கிக் கதை எழுதுவது எங்ஙனம்? துப்பறிவோனைப் போலீசிலிருந்து பிரித்தலே இயல்பான வழி. பிறகு வந்த புகழ்பெற்ற பாத்திரங்கள் பல போலீசுப் பதவியில் இல்லாதன என்பதற்கு ஹோம்ஸின் செல்வாக்கு ஒரு காரணம். மற்றொரு காரணம் இந்நாட்டுத் தெருவில் நிகழ்ந்தது. என் கணிப்பில் பின்னதே வலியது.

வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார் (1880–1942) இதற்கு விடை கண்டவர். அவருடைய திகம்பர சாமியாரைக் கும்பகோணம் வக்கீல் நாவலிற் காண்கிறோம். அக்கதை 1950-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் படமாக வந்தபோது எம். என். நம்பியார் பல வேடங்களில் அப்பாத்திரத்தை நடித்தார். துப்பறிவோனுக்குத் துறவிப் பெயர், அதிலும் திகம்பரன் என்னும் பெயர் வாய்த்தது தற்செயல் என்று நான் கருதவில்லை. குறளின் ஒற்றனும் சாணக்கியன் சீவசித்தியும் பூண்டது இக்கோலமே. ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. பண்டை ஒற்றனுக்குத் துறவு வெறும் வேடம். அரசனே அவன் தலைவன். சாமியாருக்கோ தலைவன் இல்லை, கூலியும் இல்லை. பொருளிலும் பதவியிலும் பற்றில்லாதவன் என்று படிப்போர் கொள்வதால் அவன் புனையும் பிற வேடங்களெல்லாம் மன்னிக்கப்படுகின்றன. திகம்பரம் என்றால் திசையையே ஆடையாக உடையது. ஒன்றையும் உடுத்தாதவன் என்னும் பெயருடையான் ஓயாது உடை மாற்றுவதிலுள்ள நகைச்சுவையை ஆசிரியர் உணர்ந்தே செய்திருப்பார்.

படிப்போர்க்கும் துப்பறிவோனுக்கும் உள்ள உறவில் மேல்நாட்டு முறையும் நம் முறையும் வேறுபடும் இடம் இஃது. 1903-இன் வெற்று வீடு என்னும் கதையில் இறந்துவிட்டதாக நம்பப்பட்ட ஹோம்ஸ், முதிய நூல் வணிகனாக வாட்சன் முன் தோன்றி அவரை மயங்கி விழச் செய்கிறார். உயிர் நண்பனையே மூன்றாண்டு ஏமாற்றியிருக்கிறார். வாட்சன் வழியாகவே கதையறியும் நாமும் உடன் ஏமாறுகிறோம். நொண்டி நாடகத்தின் அவையோரோ தொடக்கத்திலேயே எல்லாம் அறிந்தவர். மேடையில் வேடத்தைக் கண்டு, அதற்குள் இருப்பவனையும் அறிந்து, ஏமாறுபவனை நோக்கி நகைத்துப் பழகியவர். சாமியாரின் கதையைச் சுவைத்தோரும் இவ்வவையின் வழித்தோன்றல்களே. எனவே, வியப்பைக் காட்டிலும் வஞ்சகன் வஞ்சிக்கப்படுதலிலேயே அவர்கள் மிக்க இன்பம் கண்டனர்.

தேவன் 1942 முதல் ஆனந்த விகடனில் எழுதிய துப்பறியும் சாம்பு இவ்வுறவைத் தலைகீழாக்கியது. சாம்பு ஏமாற்ற அறியாதவன். அவனுக்கு அத்தனை அறிவு இல்லை. இன்ஸ்பெக்டர் கோபாலனும் ஊரும் உலகமும் அவனை நம்பிவிடுகின்றனர். அந்நம்பிக்கையின் சுமையினாலேயே குற்றங்கள் வெளிப்படுகின்றன. நம்புவோரே தம்மைத் தாம் ஏமாற்றிக்கொள்ளும் இந்நிலையை எள்ளல் என்று கூறி ஒதுக்குவது பொருந்தாது. துப்பறிவோன் நம்பிக்கையால் ஆக்கப்பட்டவன் என்பதை இதனினும் தெளிவாகக் காட்டிய கதை தமிழில் இல்லை. தமிழ்வாணனின் சங்கர்லாலும், 1968-இல் நைலான் கயிறு நாவலில் தோன்றிய சுஜாதாவின் கணேஷும் வேறு காலத்தவர். கணேஷ் வழக்கறிஞன், கட்சிக்காரன் அவனிடம் வைக்கும் நம்பிக்கை தொழிலறத்தால் காக்கப்படுவது. அது தனியே ஆராயத்தக்கது.

எஞ்சியிருப்பது மேனகா. வடுவூராரின் பெயரை நாடறியச் செய்த நாவல் இது, 1935-இல் டி. கே. எஸ். சகோதரர் நடிக்க ராஜா சாண்டோ இயக்கத்தில் படமாகவும் வந்தது. மேனகாவின் கணவனாகிய வராகசாமி, வழக்கறிஞனாயிருந்தும் போலிக் கடிதங்களை ஆராயாது நம்பி மனைவியை ஐயுறுகிறான். தெளியத் தகாதவரைத் தெளிந்து, தெளிந்தவளை ஐயுறும் இரு பிழையும் அவனிடம் ஒருங்கே உள. சாமாவையன் என்பான் அவளை நைனா முகம்மது மரக்காயரிடம் விற்றுவிடுகிறான். சீதக்காதியின் பட்டப்பெயர் இங்கே விலை கொடுத்து வஞ்சத்தை வாங்கும் செல்வனுக்குச் சூட்டப்பட்டிருக்கிறது. காயல்பட்டினத்தில் இந்நாவலைப் படித்திருக்கக்கூடிய ஒருவர் இவ்விடத்தில் என்ன நினைத்திருப்பார் என்பது எளிதில் கடந்துசெல்லத்தக்க வினாவன்று. இருநூறாண்டுக்கு முன் கள்வனை அறிந்தே நம்பிய மரக்காயரைப் பாடிய மொழி, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே பெயரை நம்பத்தகாதவனுக்கு இட்டது. இடையில் கடல் வாணிகம் ஐரோப்பியர் கைக்கு மாறியதும், கரை வணிகரைக் கதையாசிரியர் நேரில் அறியாது போனதும் இதற்குக் காரணமாகலாம்.

ஆயினும் வடுவூரார் அவ்வளவில் நிற்கவில்லை. அம்மரக்காயரின் மனைவி நூர்ஜகான், தன் கணவனின் வஞ்சத்தை அறிந்து மேனகாவைக் காப்பாற்றுகிறாள். உடன்பிறந்தாள் போலப் பேணுகிறாள். அவளுக்குத் துறவிக் கோலமும் இல்லை, போலீசுப் பதவியும் இல்லை. வழக்கறிஞன் கடிதங்களை நம்பி மயங்கியபோது, அவள் தன் வீட்டினுள் நிகழ்ந்ததை உள்ளவாறே கண்டு, முன்பின் அறியாத ஒருத்தியின் சொல்லை நம்பத்தக்கது என்று தெளிந்தாள். தமிழ்த் துப்பறியும் நாவலின் பாத்திர வரலாற்றை எழுதுவோர், தானவன், கோவிந்தன், திகம்பர சாமியார் என எண்ணிவரும் வரிசையில் நூர்ஜகான் பெயரையும் வைத்து ஆராய்தல் தகும்.